எதிரே ஒரு சைரன்

சைரன் சத்தம் கேட்டும் நகராமல் நிற்கிற ஆளைக் கண்டால் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். திண்டுக்கல் நாகல் நகரில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தால் தினமும் இந்தக் கூத்துதான். ஆம்புலன்ஸ் பின்னால் கத்திக்கொண்டு வரும். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல நடுரோட்டிலேயே ஓட்டுவார். கார்க்காரர் பதறிப்போய் இருந்த இடத்திலேயே பிரேக் அடித்து நிற்பார். நின்றால் போதும், வழி விட்டதாகிவிடும் என்று நினைப்பு. இன்னொரு ரகம் உண்டு. ஆம்புலன்ஸ் கடக்கும்வரை ஒதுங்கி நல்லவன் மாதிரி நின்றுவிட்டு, அது போனதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்கிற இருசக்கர வண்டிக்காரர்கள். அவர்களைத்தான் எனக்கு அறவே ஆகாது.

நான் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. கடையை விட்டு இறங்கிப் போய், "ஏப்பா, காது கேக்கலையா, இடது பக்கம் ஒதுங்கி நில்லுப்பா" என்று கத்துவேன். ஒரு தடவை டவுன் பஸ் டிரைவரையே பிடித்து விளாசியிருக்கிறேன். பதறாதே, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் போ, வேகத்தைக் குறை, தேவைப்பட்டால் நில், போன வண்டியின் பின்னாலேயே ஓடாதே. இவ்வளவுதான் விஷயம், இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்பேன். "நீ கடை வச்சதுக்குப் பதிலா போலீஸ்ல சேந்திருக்கலாம். ஊரே ஒழுங்காயிருக்கும்" என்பார் அவர். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பெருமையெல்லாம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன நாளோடு போயிற்று.

அப்பாவுக்குப் பழனியைத் தாண்டிக் கீரனூர். தென்னையும் கொஞ்சம் மக்காச்சோளமும் வைத்துக்கொண்டு, கடைசிவரை யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தவர். போன தை மாதம் தோட்டத்தில் விழுந்தார். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நானும் அண்ணனும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். ஒரு நாள் காலையில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, நினைவே இல்லை, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டு போவதானால் கொண்டு போகலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் எடுத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அண்ணன் கேட்டான். சொல்ல முடியாது, சீக்கிரம் கிளம்புங்கள் என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே உயிர் போய்விட்டால் பிணத்தை வீட்டுப் படி ஏற்ற மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, அங்கேயே எல்லாவற்றையும் முடித்து அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். எங்கள் பெரியப்பா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் செத்தார். தான் கட்டிய வீட்டு வாசலுக்கு முன்னால், தெருவில், மழைச் சாரலில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தார். பந்தல் ஒழுகி அவர் காலெல்லாம் நனைந்து போனது. அன்றைக்கு அப்பா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னைய இப்படித் தெருவுல போட்டுறாதீங்க சாமி. உசுரு இருக்கையிலயே வீட்டுக்குள்ள கொண்டு வந்துருங்க" என்றார். அவர் எங்களிடம் வேறு எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. அம்மா கீரனூரிலிருந்து போனில், "எப்படியாச்சும் உசுரோட கொண்டாந்துரு கண்ணு" என்று அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வாடகை ஆம்புலன்ஸ் ஒன்றைப் பேசினோம். பின்னால் அப்பாவோடு அண்ணன் ஏறினான். பின்னால் ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்பதால் நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு காரில் பின்னாலேயே வந்தார். டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். கண்ணில் தூக்கம் நிற்க, சூயிங்கம் மென்றுகொண்டே வண்டியை எடுத்தார். ஊரைத் தாண்டுகிறவரை சைரன் போடவில்லை.

"தம்பி, சைரன் போடுங்க" என்றேன்.

"இல்லக்கா. வீட்டுல கொண்டுபோய் விடுற கேசுக்குப் போட மாட்டோம். ஓனர் வைவாரு" என்றார்.

"உசுரு இழுத்துக்கிட்டு இருக்கு. வழியில போச்சுன்னா உங்க ஓனரா வந்து நிப்பாரு? போடுங்க தம்பி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். ஸ்விட்சைத் தட்டினார்.

சைரன் போட்ட பிறகு ரோடு வேறு ரோடாகிவிட்டது. தைப்பூசத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாரை சாரையாக நடந்துகொண்டிருந்தார்கள். நடப்பதற்கென்று தனிப் பாதை இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு அது எப்படிப் போதும்? பாதி ரோட்டை அவர்கள்தான் நிறைத்திருந்தார்கள். எங்கள் சத்தம் கேட்டதும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு ஓரத்தில் இறங்கினார்கள். அத்தனை பேரும் வெறுங்காலோடு, கட்டு போட்ட காலோடு, முள்ளும் சரளைக்கல்லும் கிடக்கிற மண்ணில் இறங்கி நின்றார்கள். காவடி தூக்கியவர்கள்கூட இறங்கினார்கள். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் எங்கள் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, காப்பாத்துப்பா" என்றாள். கண்ணாடி இறக்கியிருந்ததால் எனக்கு நன்றாகவே கேட்டது.

அப்போதே எனக்கு லேசாகச் சுருக்கென்றது. இவர்கள் எல்லோரும் உயிரைக் காப்பாற்றக் கொண்டு போகிறோம் என்றல்லவா ஒதுங்குகிறார்கள், நாங்கள் கொண்டு போவது வேறொன்றுக்கு என்று தோன்றியது. தோன்றியதை அமுக்கிவிட்டேன். கையை வெளியே நீட்டி, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று ஆட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கார் சற்று மெதுவாக ஒதுங்கியதற்குக்கூட, "உங்க வீட்டுல யாருக்கும் நோவு வராதா?" என்று கேட்டேன். ஓட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒட்டன்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னப் பாலம். வேலை நடக்கிறது என்று ஒரு பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். இரண்டு முனையிலும் கொடி பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஆம்புலன்ஸைக் கண்டதும் எங்கள் பக்கத்து ஆள் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு, எங்களைப் போகச் சொல்லிக் கொடியை ஆட்டினார். எங்களோடு சேர்ந்து என் வீட்டுக்காரர் காரும் உள்ளே நுழைந்தது. பாதிப் பாலம் வந்த பிறகுதான் பார்த்தோம். எதிரே இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. அந்த முனையில் நின்ற ஆளும் இதே நல்ல எண்ணத்தில் அதை உள்ளே விட்டிருக்கிறார். இரண்டு சைரனும் ஒன்றாகக் கத்தியதில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள் நான். இரண்டு ஆம்புலன்ஸ் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்கள் டிரைவர் யோசிக்கவேயில்லை. சைரனை நிறுத்தினார், எதிர் வண்டிக்காரரும் நிறுத்தினார். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் காரைப் பின்னால எடுக்கச் சொல்லுங்க. நம்ம பின்னால போயிருவோம். அவங்க ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி" என்றார்.

எனக்குப் பின்னால் நின்றது என் வீட்டுக்காரர் கார் ஒன்றுதான். அதற்குப் பின்னால் காலி. ஒரு போன் போட்டிருந்தால் அவர் காரை எடுத்திருப்பார், நாங்களும் பின்வாங்கியிருப்போம், ஆன மட்டும் ஐந்து நிமிட வேலை. அவர்கள் நிலைமை அப்படியில்லை. அவர்கள் பின்னாலேயே தக்காளி ஏற்றிய மினி லாரி ஒன்றும் அதற்குப் பின்னால் நாலைந்து வண்டிகளும் பாலத்துக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

பின்னாலிருந்து அண்ணன், "மூச்சு ஒரு மாதிரி வருது புள்ள" என்றான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். எதிர் வண்டியிலிருந்தும் ஒருவர் இறங்கி ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் தண்ணீர் பாட்டிலும் மருந்துச் சீட்டும் திணித்த ஒரு மஞ்சப் பை. முழங்கால்வரை சேறு. தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

"ஏனுங்க, கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க. புள்ளையப் பாம்பு கடிச்சிருச்சுங்க. ஒட்டன்சத்திரத்துல ஊசி போட்டுட்டு, உடனே திண்டுக்கல்லுக்குக் கொண்டுட்டுப் போங்கன்னாங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வழி விடுகிறோம் என்று சொல்லத்தான் திறந்தேன் என்று இப்போது நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. மழையில் நனைந்த பெரியப்பாவின் கால்தான் அப்போது என் கண் முன்னால் இருந்தது.

"எங்கப்பாங்க. மூச்சு நிக்கப் போகுது. செத்த நேரந்தாங்க தாங்கும்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவர் எங்கள் வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த ஆஸ்பத்திரிக்குங்க போறீங்க?" என்று கேட்டார்.

"கோயமுத்தூருக்குங்க."

அது எப்படி என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் தடுமாறாமல் சொன்னேன். டிரைவர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தது முதுகில் உறைத்தது.

அந்த மனிதர் ஒரு நொடி நின்றார். திண்டுக்கல் பக்கம் ஒரு பார்வை, எங்கள் பக்கம் ஒரு பார்வை. கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. "கோயமுத்தூருன்னா ரொம்பத் தூரமுங்களே" என்றார். "எங்களுக்குத் திண்டுக்கல்லு பக்கந்தானுங்க. அழுவாதீங்கம்மா, நீங்க முதல்ல போங்க. அப்பா நல்லாயிருவாரு." சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். தன் டிரைவரிடம் என்னவோ சொன்னார். அவர் டிரைவர் கையை ஆட்டி மறுத்துப் பேசுவதும், இவர் அவர் தோளைத் தொட்டுக் கெஞ்சுவதும் தெரிந்தது. எங்களுக்காகக் கெஞ்சினார்.

பிறகு அவரே பின்னால் போய், தக்காளி வண்டிக்காரரை எடுக்கச் சொல்லி, அதற்குப் பின்னால் நின்றவர்களை எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு வண்டியாகத் தட்டித் தட்டிப் பின்னால் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆனது என்று நான் மணி பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க" என்றார். அவரும் இறங்கிப் போய் உண்மையைச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல நான் யார்?

பாலத்தைத் தாண்டும்போது அந்த வண்டி ஓரத்தில் ஒதுங்கி நின்றது. அதன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு கால் தெரிந்தது. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளையின் கால், ஒன்றில் கணுக்காலுக்கு மேல் துணிக்கட்டு, இன்னொரு காலில் கொலுசு. அந்த மனிதர் வெளியே நின்று எங்கள் டிரைவரைப் பார்த்து, போங்க போங்க என்று கையைக் காட்டினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் பின்னாலிருந்து, "எதுக்குக் கோயமுத்தூருன்ன?" என்று கேட்டான். "வேற என்னத்தச் சொல்ல?" என்றேன். மிச்ச வழியில் நான் கையை வெளியே நீட்டவில்லை. மறுபடி போட்ட சைரன் மட்டும் கத்திக்கொண்டே வந்தது. பழனியைச் சுற்றிக்கொண்டு போகிறவரை நடக்கிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு ஒதுங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அப்பாவை மூச்சோடு வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டோம். கூடத்தில் கட்டில் போட்டுக் கிடத்தி, ஆளுக்கு ஒரு சொட்டுப் பால் விட்டோம். அம்மா என் கன்னத்தைத் தடவி, தன் நெற்றியில் விரலை மடக்கி நெட்டி முறித்தாள். ஊர்க்காரர்கள் வாசலில் நின்று, "மகன்னா மகன், மகள்னா மகள். சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க" என்று பேசிக்கொண்டார்கள். டிரைவர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று இரவு அப்பா போய்விடுவார் என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் போகவில்லை. மறுநாள் கண்ணைத் திறந்தார். அம்மாவை அடையாளம் கண்டார். கஞ்சித் தண்ணீர் இரண்டு கரண்டி இறங்கியது. வீட்டு மண்ணை மிதித்ததும் தெம்பு வந்துவிட்டது என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கு மட்டும் அது சந்தோஷமாக இல்லை. ஒரு மகள் இப்படி எழுதக் கூடாதுதான். அவர் மூச்சு ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வரும்போதெல்லாம், இத்தனை நேரம் தாங்குகிறவருக்காகவா அந்தப் பிள்ளையைப் பாலத்தில் நிறுத்தி வைத்தேன் என்று தோன்றியது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார்? ஒன்றும் ஆகியிருக்க மாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பெற்ற அப்பாவின் மூச்சை எண்ணிக் கூசிப்போனேன்.

டிரைவர் நம்பருக்குப் போன் போட்டேன். "அந்த எதுத்தாப்புல வந்த வண்டி யாருதுன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "தெரியலக்கா. எம்புட்டு வண்டி ஓடுது" என்றார். அவரே, "தெரிஞ்சு என்னக்கா பண்ணப் போறீங்க?" என்றார். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு யாரையாவது அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போய் விசாரித்துவிட்டு வந்திருப்பார். நான் சொல்லவில்லை. நல்ல சேதி வந்தால் நிம்மதிதான். வேறு சேதி வந்தால் அதைச் சுமந்துகொண்டு நான் எங்கே போவேன்? என் பயம் எனக்கு.

அதற்கடுத்த நாள் சாயந்தரம். அம்மா அடுப்படியில் இருந்தாள், அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தான். நான் தனியாக அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். வாய் கோணியிருந்ததால் பேச்சு குழறும். காதை அவர் வாயருகே கொண்டு போனேன்.

"ஏங்கண்ணு, வாரப்ப ஒரு எடத்துல நின்னமே. எதுத்தாப்புல ஒரு வண்டி."

எனக்குக் கை நின்றுவிட்டது. நினைவே இல்லை என்று டாக்டர் சொன்ன மனிதர்.

"பாம்பு கடிச்ச புள்ளன்னு சத்தங்கேட்டுச்சே" என்றார். மூச்சு வாங்கினார். "அதுக்கு வழி விட்டீங்களா?"

அவர் எவ்வளவு கேட்டார், எவ்வளவு கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. நான் கோயமுத்தூர் என்றது அவர் காதில் விழுந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். சுற்றி யாரும் இல்லை. அவர் திட்டினால்கூட நான் ஒருத்திதான் கேட்டிருப்பேன்.

"விட்டோம்ப்பா. நம்ம பின்னால வந்து, அவங்களத்தான் முதல்ல போகச் சொன்னோம்" என்றேன்.

"நல்லது சாமி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் தெளிந்தது. அதன் பிறகு யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் அப்பாவின் உயிர் போயிற்று. அவர் கேட்டபடியே வீட்டுக்குள், நடுக்கூடத்தில் கிடத்தினோம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெத்தா இப்படி ஒரு மகளைப் பெறணும் என்றார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.